ஸ்டூடியோவில் உயர்தர ஃபிரேம் வேலை: ரம்பம் கடைசியில் வரட்டும்

வாசகர் கேள்வி: ஐயா, நானும் என் மனைவியும் ஒன்பது வருடமாகச் சின்ன போட்டோ ஸ்டூடியோ நடத்துகிறோம். திருமணம், குடும்பப் படம், குழந்தைகள் படம்தான் அதிகம். பெரிய பிரிண்டுகளை நாங்களே போடுகிறோம். ஃபிரேமுக்கு மட்டும் ரெடிமேட் சட்டம் வாங்கி மாட்டிக் கொடுத்துவிடுகிறோம். போன மாதம் ஒரு வாடிக்கையாளர் எங்கள் பிரிண்டை வெளியில் கொடுத்து ஃபிரேம் போட்டு, எடுத்துவந்து காட்டினார். எங்கள் படத்துக்குக் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு ஃபிரேமுக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் படம் உள்ளே அலை அலையாக நெளிந்து கிடந்தது. அந்த வேலையை நாமே நன்றாகச் செய்தால் என்ன என்று தோன்றியது. கடன் வாங்கி, மூலை வெட்டும் ரம்பம், மூலை இணைக்கும் இயந்திரம், சட்டம் செய்யும் நீள மரப்பட்டையான மோல்டிங்கில் நூறு வகை என்று இறங்கலாமா? பின்னறை காலியாக இருக்கிறது, பிரிண்டரும் அங்கேதான். மனைவிக்குத் தயக்கம். உங்கள் யோசனை வேண்டும்.

அன்புள்ள தம்பிக்கு,

இறங்குங்கள். ஆனால் ரம்பத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டாம், கடனும் இப்போது வேண்டாம். உங்கள் மனைவி எதற்குத் தயங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. பிரிண்டர் இருக்கும் அறையில் மரத்தூள் பறக்கப் போகிறது என்பது ஒன்றே தயங்குவதற்குப் போதும். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்த நெளிந்த படத்தைப் பார்ப்போம், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் அதற்குள்ளேதான் இருக்கிறது. காகிதம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து விரியும், வறண்டால் சுருங்கும். பெரிய பிரிண்ட் என்றால் இந்த அசைவு கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு இருக்கும். அப்படிப்பட்ட தாளை நான்கு பக்கமும் டேப் வைத்து அட்டையில் ஒட்டிவிட்டால் விரிவதற்கு இடமில்லை, அதனால் நடுவில் எழும்பி அலையாகிறது. உங்கள் வாடிக்கையாளரின் சட்டத்தைத் திருப்பிப் பின்பக்கத் தாளைக் கிழித்துப் பார்த்தால் சுற்றிலும் டேப் இருக்கும் என்று அநேகமாக உறுதியாகச் சொல்வேன். மரம் நல்ல மரமாக இருந்திருக்கலாம், மூலைகள் முடி நுழையாதபடி சேர்ந்திருக்கலாம். படம் கெட்டுப்போன இடம் அது இல்லை.

உயர்தர ஃபிரேம் என்றதும் எல்லோருக்கும் மோல்டிங்தான் நினைவுக்கு வருகிறது. அகலமான மரம், தங்கப் பூச்சு, செதுக்கு வேலை. இத்தனை வருடம் சட்டம் போட்டவன் என்ற முறையில் நான் சொல்வது, தரம் என்பது கண்ணாடிக்கும் பின்பலகைக்கும் நடுவில் இருக்கும் ஓர் அங்குலத்துக்குள்தான் இருக்கிறது. வெளிச்சட்டத்தை யாரிடம் வேண்டுமானாலும் அளவு சொல்லி வெட்டி வாங்கிவிடலாம். உள் வேலையைக் கற்றுக்கொண்டவர் குறைவு. நீங்கள் அங்கேதான் நுழைய வேண்டும், அதற்குப் பெரிய இயந்திரமும் தேவையில்லை.

அந்த உள் வேலையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிரிண்டை அட்டையோடு பிடிப்பது மேல் விளிம்பில் மட்டும். நல்ல நாருள்ள மெல்லிய ஜப்பானியத் தாளில் இரண்டு சின்னக் கீல்கள், கோதுமை மாச்சத்தில் காய்ச்சிய பசை, அவ்வளவுதான். படம் மேலிருந்து தொங்குகிறது. மற்ற மூன்று பக்கமும் சும்மா இருப்பதால் விரியலாம், சுருங்கலாம். என்றாவது படத்தை வெளியே எடுக்க வேண்டி வந்தால் அந்தப் பசையைத் துளி ஈரம் வைத்தே இளக்கிக் கழற்றலாம். படத்தில் பசையே படக்கூடாது என்றால் நான்கு மூலைக்கும் காகிதப் பை மடித்து, அதற்குள் செருகி வைக்கலாம். புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்த மூலைப் பைதான்.

அப்புறம் மவுண்ட் போர்டு, அதாவது நடுவில் ஜன்னல் போல வெட்டிப் படத்தின் மேல் வைக்கும் அட்டை. பழைய சட்டங்களில் படத்தைச் சுற்றி மவுண்டில் வெட்டிய சாய்ந்த விளிம்பு, வெள்ளையாக இருந்தது, பழுப்புக் கோடாக மாறியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மரத்தில் இயற்கையாகவே இருக்கும் லிக்னின் என்ற பொருள், மரக்கூழ் அட்டைக்குள் சிதைந்து வெளியிடும் அமிலம்தான் அது. அட்டையைத் தூக்கினால் படத்திலும் அதே அளவில் ஒரு பழுப்புச் சட்டம் பதிந்திருக்கும், அதை அழிக்க வழியில்லை. கடையில் ‘அமிலம் இல்லாதது’ என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மரக்கூழ் அட்டையில் அமிலத்தை முறிக்கும் கால்சியம் கார்பனேட்டைச் சேர்த்தாலும் இன்றைக்கு அமிலம் இருக்காது. லிக்னின் உள்ளேயே இருப்பதால் சில வருடத்தில் அமிலம் திரும்பி வந்துவிடும். பருத்தி நாரில் செய்த போர்டு, அல்லது லிக்னின் நீக்கிச் சுத்தப்படுத்திய ஆல்ஃபா செல்லுலோஸ் போர்டு கேளுங்கள். புகைப்படத்துக்கென்றே ஒரு சோதனை இருக்கிறது, ஐஎஸ்ஓ 18916 என்று பெயர். படத்தோடு ஒட்டியிருக்கும் பொருள் படத்தை மங்கச் செய்கிறதா, கறை ஏற்றுகிறதா என்று பார்க்கும் சோதனை. போர்டு, டேப், பசை எது வாங்கினாலும் அதில் தேறியதா என்று கேட்டு வாங்குங்கள். விற்பவருக்கு அந்தப் பெயர் தெரியவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.

கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். படத்தின் மேல்பூச்சு ஈரத்தில் இளகி, கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். மவுண்ட் போர்டு வைப்பதே அந்த இடைவெளிக்காகத்தான், அழகு அதற்கடுத்தது. மவுண்ட் வேண்டாம், விளிம்புவரை படமே தெரிய வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால், சட்டத்தின் பள்ளத்துக்குள் கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவே மறைவாக ஒரு தாங்கிப் பட்டை வைத்து இடைவெளி விடுங்கள்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண்மணி தன் தந்தையின் கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொண்டுவந்தார். அவரிடம் இருந்த ஒரே படம். சட்டம் உளுத்துப்போனதால் மாற்றித் தரச் சொன்னார். பிரித்தபோது படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது, கன்னத்தில் ஒரு சின்ன வட்டம். மெல்ல இழுத்தால் வந்துவிடும் என்று நினைத்து இழுத்தேன். தாள் வந்தது. கன்னம் கண்ணாடியிலேயே தங்கிவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியையும் தாளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து கண்ணாடியில் ஒட்டிய படம் வந்தால் நான் கை வைப்பதில்லை. ஒட்டியபடியே கண்ணாடி வழியாக ஸ்கேன் எடுக்கிறேன், இல்லையென்றால் கண்ணாடியில் எதிரொளி விழாதபடி பக்கவாட்டில் விளக்கு வைத்துக் கேமராவில் எடுக்கிறேன். அசலை அப்படியே பத்திரப்படுத்தி, பிரதியைச் சட்டம் போட்டுத் தருகிறேன். கழற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய படங்களைப் பாதுகாத்துச் சீராக்கும் நிபுணரிடம் அனுப்பிவிடுகிறேன். நீங்கள் போட்டோகிராபர், இந்தப் பிரதி எடுக்கும் வேலையை என்னைவிட நன்றாகச் செய்வீர்கள்.

இதில் உங்களுக்கு என்னைப் போன்றவர்களுக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் எடுத்த படத்தின் ஃபைல் உங்களிடம் இருக்கிறது, கெட்டுப்போனால் இன்னொன்று அச்சிடலாம். அதனால் உங்கள் சொந்தப் பிரிண்டுக்கு வாடிக்கையாளர் தட்டையாக, கண்ணாடி மாதிரி வேண்டும் என்றால், முழுப் பரப்பையும் பலகையில் ஒட்டித் தருவதில் தவறில்லை. பளபளப்பான பெரிய பிரிண்டில் துளி மேடுபள்ளமும் விளக்கடியில் தெரியும் என்பதால் சில நேரம் அதுதான் சரியான வழியும்கூட. ஆனால் சூடு வைத்து ஒட்டும் முறையைச் சில இங்க்ஜெட் தாள்கள் தாங்காது. முதலில் ஒரு வீணான பிரிண்டில் சோதித்துப் பாருங்கள். வாடிக்கையாளர் கொண்டுவரும் தாத்தா படம், கையெழுத்துப் போட்ட படம், ஒரே ஒரு பிரதி இருக்கும் எதுவாக இருந்தாலும் ஒட்டவே கூடாது. என் மேஜையில் ஒரு படம் வந்ததும் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி, இதை மறுபடி அச்சிட முடியுமா என்பதுதான். மற்ற முடிவெல்லாம் அதற்கப்புறம்.

நீங்கள் பிரிண்டும் போடுவதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக் பூச்சுள்ள தாளில் போட்ட இங்க்ஜெட் பிரிண்டைச் சூட்டோடு சூடாகச் சட்டத்துக்குள் மூடிவிட்டால், மையில் இருக்கும் கரைப்பான் மெல்ல ஆவியாகிக் கண்ணாடியின் உட்புறத்தில் வெண்படலமாகப் படியும். வாடிக்கையாளர் அதைப் பூஞ்சணம் என்று நினைத்துக்கொண்டு வருவார். பிரிண்டின் மேல் உறிஞ்சும் வெள்ளைத் தாளைப் பரப்பி ஒரு நாள் வையுங்கள், தாளை மாற்றி இன்னொரு நாள் வையுங்கள். அவசர ஆர்டரிலும் இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

கண்ணாடி வகைகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். சாதாரணக் கண்ணாடி ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீதம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது, இரண்டு பக்கமும் சேர்த்து 8. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினால் படத்தைவிட ஜன்னல்தான் தெரியும். பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சுள்ள கண்ணாடியில் இது 1 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. புற ஊதாக் கதிரை வடிகட்டும் கண்ணாடி அந்தக் கதிரில் 97 முதல் 99 சதவீதம் வரை தடுக்கும். ஆனால் சாதாரண வெளிச்சமும் படத்தை மங்கச் செய்யும், அதை எந்தக் கண்ணாடியும் தடுக்காது. ‘இனி மங்கவே மங்காது’ என்று யாரிடமும் சொல்லிவிடாதீர்கள், ‘மெதுவாக மங்கும்’ என்பதுதான் உண்மை. பெரிய அளவுக்குக் கண்ணாடி மாதிரித் தெளிவான பிளாஸ்டிக்கான அக்ரிலிக் போடுங்கள். 40×60 அங்குலத்துக்கு 3 மில்லிமீட்டர் கண்ணாடி வைத்தால் கண்ணாடி மட்டுமே ஏறத்தாழ பதினொன்றரைக் கிலோ, அதே தடிமனில் அக்ரிலிக் ஐந்தரைக் கிலோ. அக்ரிலிக் நிலைமின்னால் தூசியை இழுக்கும், எளிதில் கீறும், வெப்பத்தில் விரியும். அதனால் சட்டத்துக்குள் சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டுப் பொருத்துங்கள். அம்மோனியா கலந்த துடைப்பானை அக்ரிலிக் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

சரி, இயந்திரங்களுக்கு வருவோம். மோல்டிங் விற்கும் மொத்த வியாபாரிகள் பலர் மூன்று வகையில் தருவார்கள்: முழு நீளமாக, உங்கள் அளவுக்கு 45 பாகையில் நான்கு துண்டாக வெட்டி, அல்லது மூலை இணைத்துச் சட்டமாகவே. முதல் ஆறு மாதம் மூன்றாவது வகையிலேயே வாங்குங்கள். துண்டுக்கு விலை கூடத்தான் செய்யும். ஆனால் வீணாகும் மரம், மழுங்கும் பிளேடு, மூலையில் விழும் இடைவெளி எல்லாம் அவர்கள் தலையில். உங்கள் ஊரில் நன்றாகச் சட்டம் செய்யும் தச்சுப் பட்டறை ஒன்று இருந்தால் அவர்களோடு பேசி வைத்துக்கொள்வதும் நல்லது. வாங்கி வந்ததும் ஒவ்வொரு மூலையையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். நகம் மாட்டினால் திருப்பி அனுப்புங்கள்.

நீங்கள் இப்போது வாங்க வேண்டியது ஒரு நல்ல மவுண்ட் கட்டர், நேராகவும் சாய்வாகவும் வெட்டுவது. பெரிய மேஜை, இடுப்பு உயரத்தில், மேலே மெத்தென்று துணி விரித்தது. பின்பலகையைச் சட்டத்தோடு பிடிக்கும் தகட்டு ஆணியை அடிக்கும் கைக்கருவி. ஒரு டார்ச். டார்ச் எதற்கென்றால், மூடுவதற்கு முன் கண்ணாடியில் பக்கவாட்டில் வெளிச்சம் அடித்துப் பார்க்க. நேராகப் பார்த்தால் தெரியாத தூசியெல்லாம் அப்போது நட்சத்திரம் மாதிரித் தெரியும். மூடிய பிறகு ஒரு நூலிழை கண்ணில் பட்டால் திரும்ப முழுவதும் பிரிக்க வேண்டும்.

மவுண்டில் ஜன்னல் வெட்டுவது பார்க்கச் சுலபம், கை பழக நாளாகும். பிளேடு மூலையைத் தாண்டினால் ஒரு மெல்லிய கீறல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். மூலைக்கு முன்பே நின்றால் துண்டு விடுபடாமல் நார் கிழியும். அடியில் ஒரு கழிவு அட்டை வைத்து வெட்டினால் சாய்வு சுத்தமாக வரும். பிளேடை அடிக்கடி மாற்றுங்கள், அதில் சிக்கனம் பார்த்தால் போர்டு போய்விடும். ஐம்பது ஜன்னல் வெட்டிப் பழகிய பிறகு காசு வாங்குங்கள்.

மூலை இணைக்கும் இயந்திரம் இரண்டாம் கட்டம். ரம்பமோ, டென்மார்க்கின் மோர்சோ போன்ற காலால் மிதித்து வெட்டும் இயந்திரமோ, கடைசிக் கட்டம். ரம்பம் வாங்கும் நாள் வந்தால் அதற்கு வேறு இடம் பாருங்கள். மரத்தூள் பிரிண்டரின் தலைக்குள்ளும் ஈரமான பிரிண்டின் மேலும் கண்ணாடிக்குள்ளும் நுழையும். பின்னறையைத் துடைத்து, படம் பொருத்தும் சுத்தமான அறையாக வைத்துக்கொள்ளுங்கள். மனைவியிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், தயக்கத்தில் பாதி குறையலாம்.

நூறு வகை மோல்டிங்கும் வேண்டாம். மூலையாக இணைத்த சின்னத் துண்டுகள், பதினைந்து மூலை மாதிரி போதும். அதில் பத்து அமைதியானவை: கறுப்பு, வெள்ளை, இரண்டு மூன்று மர நிறம், மங்கலான வெள்ளி, மங்கலான தங்கம், ஒவ்வொன்றிலும் குறுகலும் அகலமும். மீதி ஐந்து உங்கள் படங்களுக்கு என்ன பொருந்துமோ அது. இணைத்த பிறகு பூச்சு ஏற்றியதால் மூலையில் கோடே தெரியாத சட்டம் என்று ஒரு வகை உண்டு. அதில் ஒரே ஒரு மாதிரி வைத்திருங்கள். எல்லோருக்கும் விற்காது. ஆனால் பக்கத்தில் வைத்துக் காட்டினால் வேலைப்பாட்டின் வித்தியாசம் வாடிக்கையாளருக்குக் கண்ணாலேயே புரியும்.

தரமும் இரண்டே வகை வையுங்கள். பிரிட்டனில் ஃபைன் ஆர்ட் டிரேட் கில்ட் என்ற தொழில் அமைப்பு சட்ட வேலையை அருங்காட்சியகத் தரத்திலிருந்து குறைந்தபட்சத் தரம் வரை ஐந்து படியாக வகுத்திருக்கிறது. அந்தப் பட்டியலைப் படிப்பது உங்களுக்கு நல்ல பாடம், வாடிக்கையாளர் முன் ஐந்தையும் விரிக்க வேண்டியதில்லை. நல்ல போர்டும் சாதாரணக் கண்ணாடியும் ஒன்று. பருத்தி போர்டு, கீல், பூச்சுக் கண்ணாடி இன்னொன்று. கண்ணாடியில் படத்தை அழுத்தி வைக்கும் மூன்றாவது தரம் உங்கள் கடையில் இருக்கவே கூடாது.

இனி விற்பது. இங்கேதான் ஸ்டூடியோக்காரர்கள் நேரம் தவறுகிறார்கள். படம் தயாரான பிறகு, ‘ஃபிரேம் வேணுமா?’ என்று கேட்டால் அது கூடுதல் செலவாகத்தான் தெரியும். படத்தைத் தேர்ந்தெடுக்கும் அன்றே பேச வேண்டும். நான் கேட்கும் முதல் கேள்வி, ‘எந்தச் சுவர்?’. சுவரை மொபைலில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் கதவோ சோபாவோ தெரியும்படி எடுத்தால் அளவை ஊகிக்கலாம். அந்தப் படத்தின் மேல் உங்கள் படத்தைச் சட்டத்தோடு பொருத்திக் காட்டுவது உங்களுக்குப் பத்து நிமிட வேலை.

அப்புறம் பிரிண்டை மேஜையில் படுக்கப்போட்டுக் காட்டாதீர்கள், ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சுவரில் நிற்கப்போகும் பொருளை நின்ற நிலையில்தான் பார்க்க வேண்டும். முதலில் மவுண்டின் நிறத்தை முடிவு செய்யுங்கள், அதற்குப் பிறகு மூன்றே மூன்று மூலைகளை எடுத்து ஒவ்வொன்றாக வையுங்கள். வாடிக்கையாளரை நான்கு எட்டுப் பின்னால் நிற்கச் சொல்லுங்கள். போன வாரம்கூட ஒருவர், ‘அந்தத் தங்கக் கலர்தான் வேணும்’ என்று உறுதியாக வந்தார். குழந்தை வெள்ளைச் சுவருக்கு முன் சிரிக்கும் படம். தங்க மூலையை வைத்தேன், பின்னால் நின்று பார்த்தார். வெளிர் மர மூலையை வைத்தேன். ‘முதல்ல சட்டம் தெரிஞ்சது, இப்பத்தான் பாப்பா தெரியுது’ என்றார். நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மவுண்டின் அகலமும் சட்டத்தின் அகலமும் ஒன்றாக இருந்தால் படத்தைச் சுற்றிப் பட்டை பட்டையாகத் தெரியும். மவுண்ட் தாராளமாக இருக்கட்டும், கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். இன்னொரு முக்கியமான விஷயம், உங்கள் கேமரா தரும் படம் பெரும்பாலும் 2:3. ரெடிமேட் சட்டங்களில் பல 4:5. 8×12 படத்தை 8×10 சட்டத்துக்குள் திணித்தால் இரண்டு அங்குலம் போகிறது, ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் தோளோ மணப்பெண்ணின் தலைக்கு மேலிருந்த இடமோ போகிறது. ‘உங்கள் படத்தை வெட்டாமல், படத்துக்காகவே சட்டம் செய்கிறோம்’ என்று சொல்லுங்கள். இதைவிட நேர்மையான விற்பனைப் பேச்சு எனக்குத் தெரியவில்லை.

விலை போடுவதில் புதியவர்கள் எல்லோரும் மரத்தில்தான் ஏமாறுகிறார்கள். ஒரு கணக்குக் காட்டுகிறேன். 16×24 அங்குலப் படம், சுற்றிலும் 3 அங்குல மவுண்ட், ஆக 22×30. சுற்றளவு 104 அங்குலம். மோல்டிங்கின் அகலம் ஒன்றரை அங்குலம் என்றால், மூலைகளில் சாய்வாக வெட்டுவதற்கு அந்த அகலத்தைப் போல எட்டு மடங்கு சேர்க்க வேண்டும், அதாவது 12. மொத்தம் 116. மோல்டிங் 3 மீட்டர் நீளத்தில் வந்தால் அது 118 அங்குலம். ரம்பம் தின்னும் அளவையும் பொருத்தும் தளர்வையும் சேர்த்தால் மிச்சம் ஒன்றுமில்லை. நடுவில் ஒரு கீறலோ பூச்சு உதிர்ந்த இடமோ இருந்தால் இரண்டாவது நீளத்தை வெட்ட வேண்டியதுதான். 104 அங்குலத்துக்கு விலை போட்டவர் அன்று சொந்தக் காசில் வேலை செய்கிறார். கண்ணாடிக்கும் போர்டுக்கும் இதே கதைதான். முழுத் தாளில் எத்தனை துண்டு வரும், எவ்வளவு வீண் என்று பார்த்து விலை போடுங்கள்.

பொருளுக்கு அடுத்து நேரம். அளவு எடுப்பது, வாடிக்கையாளரோடு பேசுவது, கண்ணாடி துடைப்பது, பின்தாள் ஒட்டுவது எல்லாவற்றையும் கடிகாரம் வைத்துக் குறியுங்கள். முதல் சில மாதம் ஒரு படத்துக்கு மூன்று மணி நேரம் போகும், அதை அப்படியே வாடிக்கையாளர் மேல் ஏற்ற முடியாது. ஆனால் குறித்து வைத்தால்தான் கை வேகமாகும்போது உண்மையான விலை தெரியும். உடையும் கண்ணாடிக்கும் திருப்பிச் செய்யும் வேலைக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள். பிரிண்டுக்கும் ஃபிரேமுக்கும் தனித்தனியாக விலை எழுதுங்கள். ‘படம் எடுத்தால் ஃபிரேம் இலவசம்’ என்று ஒரு முறை சொல்லிவிட்டால் அதற்கு விலை கேட்கும் உரிமை போய்விடும். அளவு சொல்லிச் செய்த சட்டத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால் பாதிப் பணமாவது முன்பணமாக வாங்குங்கள்.

வாடிக்கையாளரின் சொந்தப் பொருளை வாங்கி வைக்கும்போது அவர் முன்னாலேயே கறை, மடிப்பு, கிழிசல் எல்லாவற்றையும் சீட்டில் எழுதி, மொபைலில் படமெடுத்து, கையெழுத்து வாங்குங்கள். உங்கள் கடைக் காப்பீடு பிறர் பொருளுக்கும் பொருந்துமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். முதல் வருடம் வெளியார் படங்களை எடுக்காமல், உங்கள் பிரிண்டுகளுக்கு மட்டும் சட்டம் போடுங்கள் என்பது என் கருத்து. தவறினால் மறுபடி அச்சிடலாம் என்ற தைரியத்தில் கை பழகட்டும்.

மாட்டுவதையும் நீங்களே சொல்லிக்கொடுக்க வேண்டும், முடிந்தால் போய் மாட்டியே கொடுங்கள். சட்டத்தின் பின்னால் கம்பி கட்டினால் அதை முறுக்காக இழுத்துக் கட்டுவதுதான் பலம் என்று பலர் நினைக்கிறார்கள், நேர்மாறு. கம்பி கிடைமட்டத்திலிருந்து 30 பாகையில் சாய்ந்தால் ஒவ்வொரு பக்கமும் படத்தின் முழு எடையையும் இழுக்கிறது. 15 பாகைக்கு இறங்கினால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. கொஞ்சம் தளர்வாகக் கட்டுங்கள், பெரிய படத்துக்குக் கம்பியே இல்லாமல் இரண்டு வளையம் வைத்துச் சுவரில் இரண்டு கொக்கியில் மாட்டுங்கள். கீழ் மூலைகளில் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டினால் பின்னால் காற்று போகும், சுவர் ஈரம் ஏறாது, படமும் கோணாது. நேரடி வெயில் படும் சுவரையும் வெளிச்சுவரின் ஈரமான பக்கத்தையும் தவிர்க்கச் சொல்லுங்கள்.

ஆறு மாதம் கழித்து உங்கள் நோட்டைப் பாருங்கள். இணைத்த சட்டத்துக்கு வெளியில் கொடுத்த கூடுதல் தொகை, இயந்திரத்துக்கு ஆகும் மாதச் செலவை மூன்று மாதம் தொடர்ந்து தாண்டியிருந்தால் மூலை இணைக்கும் இயந்திரத்தை வாங்குங்கள், அதுவும் சேர்ந்த லாபத்திலிருந்து. தாண்டவில்லை என்றால் வெளியிலேயே வாங்கிக்கொண்டிருங்கள். அதில் குறைவு ஒன்றுமில்லை. நான் மதிக்கும் சில நல்ல சட்டக்காரர்களிடம் இன்றுவரை ரம்பம் கிடையாது.

இந்த வாரமே செய்ய ஒரு வேலை சொல்கிறேன். அந்த வாடிக்கையாளரைக் கூப்பிட்டு, நெளிந்த படத்தைச் சட்டத்தோடு எடுத்துவரச் சொல்லுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் சேர்ந்து மெதுவாகப் பிரியுங்கள், எங்கே டேப், என்ன அட்டை, கண்ணாடி தொட்டதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் படமெடுத்து வையுங்கள். புதிதாக ஒரு பிரிண்ட் போட்டு, காய வைத்து, நல்ல போர்டில் ஜன்னல் வெட்டி, மேல் விளிம்பில் இரண்டு கீல் வைத்து, அதே சட்டத்துக்குள் பொருத்திக் கொடுங்கள். அவர் சட்டத்துக்கு ஏற்கெனவே நிறையக் கொடுத்துவிட்டார், அதனால் இந்த ஒரு முறை போர்டுக்கு மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய அட்டையைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்தவர் ‘ஏன் இவ்வளவு?’ என்று கேட்கும்போது மேஜையில் எடுத்து வைக்க அது உதவும்.

அன்புடன்,
உங்கள் சட்டக்காரர்